பழைய ரிங்டோன் லேப்டாப்பில் ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

கேள்வி: ரிச்சி தெருவில் செல்போன் கடை வைத்திருந்த அப்பா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்றித் தந்த ரிங்டோன்களை ஒரு சிடியில் சேர்த்து வைத்திருக்கிறார். விண்டோஸ் லேப்டாப்பில் போட்டால் சில பாடுகின்றன, ஆனால் அந்தக் கால ஃபோனில் கேட்ட மாதிரி இல்லை. சில திறக்கவே இல்லை. என்ன செய்யலாம்? — வாசகர், பெரம்பூர்

பதில்: முதல் வேலையாக சிடியில் இருப்பதை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். வீட்டில் எழுதிய சிடிகள் சென்னை வெயிலுக்கும் ஈரத்துக்கும் ரொம்ப நாள் தாங்காது.

பாடுகிறவை பெரும்பாலும் மிடி ஃபைல்களாக இருக்கும். அதற்குள் ஒலியே கிடையாது. எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள்தான் இருக்கும். அதனால்தான் முழுப் பாட்டும் சில கேபியில் அடங்குகிறது. வாசிப்பது கருவியின் பொறுப்பு. அன்று ஃபோனுக்குள் இருந்த சிப் வாசித்தது, இன்று விண்டோஸில் உள்ள சின்தசைசர் வாசிக்கிறது. ஆள் மாறியதால் நாதமும் மாறிவிட்டது.

எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக வகுத்த பட்டியல்தான் ஜெனரல் மிடி. 1991-ல் வந்த அதில் 128 வாத்தியங்கள். சித்தாரும் ஷெனாயும் உண்டு. வீணை, நாதஸ்வரம் இல்லை. தாளத்துக்கு ஒதுக்கிய 10-வது சேனலில் போங்கோ, கோங்கா இருக்கும், மிருதங்கம் இருக்காது. நம் பாட்டுகளை மிடியாக்கியவர்கள் கிடைத்த வாத்தியங்களை வைத்தே சமாளித்தார்கள். அவர்களுடைய காது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சரி, வழிக்கு வருவோம். ஃபூபார்2000 பிளேயரைப் போட்டு, அதற்கான மிடி இணைப்பைத் தனியாகச் சேருங்கள். அதில் ‘ஜெனரல்யூசர் ஜிஎஸ்’ என்ற இலவச சவுண்ட்ஃபான்ட்டை (வாத்திய ஒலிகளின் தொகுப்பு ஃபைல்) காட்டுங்கள். பிரம்மாண்டமான ஆர்கெஸ்ட்ரா சவுண்ட்ஃபான்ட்டுகளைத் தேடிப் போக வேண்டாம். ஃபோன் சிப்பின் எளிய ஒலிக்கு அவை ரொம்ப தூரம். பிடித்தமாதிரி கேட்டதும் வேவ் ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம். மூல மிடியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

திறக்காதவற்றை நோட்பேடில் இழுத்துப் போட்டு முதல் எழுத்துகளைப் பாருங்கள். மூன்று எம்மும் ஒரு டியும் இருந்தால் அது யமஹா சிப் உள்ள ஃபோன்களுக்கான ‘எம்எம்எஃப்’ ரிங்டோன் ஃபைல். பெயரை மிடி என்று மாற்றினால் பாடாது. மிடியாக மாற்றித் தரும் கருவிகள் ஸ்வரத்தைக் காப்பாற்றும், யமஹா சிப்பின் நாதத்தைக் காப்பாற்றாது. அதைப் பாடும் பழைய ஃபோன் வீட்டில் இருந்தால், அதன் ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் வழியாக லேப்டாப்பில் இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்வதே நல்லது. ஆச்சரியக்குறியோடு ஏஎம்ஆர் என்று தொடங்கினால் அது பேச்சுக்காக வந்த ஒலிப்பதிவு முறை. விஎல்சி பிளேயர் பாடிவிடும், தரம் மட்டும் அவ்வளவுதான்.

அப்புறம், ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருந்தால் மிடியை மாற்றாமல் நேராக ரிங்டோனாக வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே மிடி வாசிக்கும் சின்தசைசர் இருக்கிறது. ஸ்வரங்களை வெறும் எழுத்துகளாக எழுதி வைக்கும் நோக்கியாவின் ஆர்டிடிடிஎல் ரிங்டோன் ஃபைல்களையும் அது வாசிக்கும். எம்எம்எஃப் மட்டும் அதிலும் பாடாது.