பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டுவது, வளைப்பது, ஒட்டுவது: மாடல் செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1 மி.மீ. ஸ்டைரீன் (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட்டை கட்டரால் அறுக்கிறேன். எவ்வளவு அழுத்தினாலும் ஓரம் சாய்ந்துபோகிறது. பிளேடு சரியில்லையா?

அழுத்துவதுதான் கோளாறு. ஸ்டைரீனை அடிவரை அறுக்க வேண்டியதில்லை. கீறிவிட்டு உடைக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை உங்களுக்குத் தேவையான துண்டின் மேல் வையுங்கள். கை வழுக்கினாலும் கீறல் கழிவுப் பக்கம்தான் விழும். முதல் இழுப்பு மிக லேசாக இருக்கட்டும், அது பிளேடு ஓடத் தடம் போடுவதற்கு மட்டும். அதே தடத்தில் இன்னும் 2, 3 இழுப்பு. தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் இறங்கினால் போதும். பிறகு கீறலை மேலே பார்க்கப் பிடித்து, அதன் வாய் திறக்கும்படி இரண்டு பக்கத்தையும் கீழே வளைத்தால் பட்டென்று பிரியும். 2 மி.மீ. ஷீட் என்றால் 6 முதல் 8 இழுப்பு ஆகும். 0.5 மி.மீ.க்குக் கீழே உடைக்கத் தேவையில்லை, நேராகவே அறுத்துவிடலாம்.

அழுத்தினால் பிளேடின் முனை வளைந்து தடத்தை விட்டு விலகும், ஓரம் சாய்வது அதனால்தான். இன்னொரு விஷயம்: பிளேடு பிளாஸ்டிக்கை நீக்குவதில்லை, இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. அதனால் கீறலின் கரையில் மெல்லிய மேடு எழும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தட்டும். அதை எடுக்காமல் ஒட்டினால் இரண்டு தகடும் ஒன்றோடொன்று படியாது. பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தோடு இழுத்துச் சுரண்டுங்கள். பிறகு கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி தாளைப் பரப்பி, துண்டின் ஓரத்தை அதில் நாலு தேய் தேயுங்கள்.

கேள்வி: சுவர் நடுவே ஜன்னல் வெட்டும்போது மூலையைத் தாண்டிக் கீறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

நாலு மூலையிலும் 1 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். கத்தி மூலையை நோக்கி ஓடக் கூடாது; ஒவ்வொரு மூலையிலிருந்தும் புறப்பட்டு நடுவோடு நிற்க வேண்டும். நாலு பக்கமும் கீறியதும் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல ஆழமாக அறுத்து, நாலு முக்கோணங்களையும் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளி ஒடியுங்கள். மூலையில் மிச்சம் இருப்பதைச் சதுர அரம் எடுத்துவிடும்.

ஜன்னல்கள் வரிசையாக வருகிற சுவர் என்றால் வெட்டவே வேண்டாம் என்பேன். ஜன்னலுக்கு மேலே ஒரு நீளப் பட்டை, கீழே ஒன்று, நடுவே சின்னத் துண்டுகள் என்று ஒட்டிக்கொண்டே போனால் எல்லா ஜன்னலும் ஒரே மட்டத்தில் வரும்.

கேள்வி: 3 மி.மீ. அக்ரிலிக்கையும் அப்படியே கீறி உடைத்தேன், கோட்டை விட்டு விலகி எங்கேயோ உடைந்தது.

சாதாரண பிளேடு அக்ரிலிக்கில் வெறும் கோடுதான் போடும். கொக்கி முனை உள்ள அக்ரிலிக் கட்டர் வேண்டும். அது சுருள் சுருளாகப் பொருளைச் சீவி எடுக்கும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காமல், ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை 8, 10 முறை இழுங்கள். பாதியில் நின்ற கீறல்தான் வழிமாறி உடையும். கீறலை மேசை விளிம்போடு சரியாகப் பொருத்தி, மேலே ஒரு நேரான மரச் சட்டம் வைத்து க்ளாம்ப் போட்டு, வெளியே நீட்டும் பகுதியை ஒரே அழுத்தாகக் கீழே தள்ளுங்கள். தயங்கித் தயங்கி வளைத்தால் கோணல்தான். 10 மி.மீ.க்கும் குறுகலான பட்டை, வளைவான உருவம் இரண்டும் இந்த முறைக்கு ஒத்துவராது. நுண்பல் ரம்பத்தில் மெதுவாக அறுக்க வேண்டும்.

அக்ரிலிக்கில் துளை போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரில் மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் ஓரத்தைக் கவ்விச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

கேள்வி: மினி டிரில்லில் வெட்டும் சக்கரம் போட்டு அறுத்தால் பிளாஸ்டிக் உருகி வழிகிறதே?

ஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். சுழலும் சக்கரத்தின் உராய்வு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டும். உருகியது பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். இருப்பதில் குறைந்த வேகம் வைத்து, தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து வேலை செய்யுங்கள். ஒரு பாகத்தை உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்க இந்தக் கருவி அருமை. நேர்வெட்டுக்கு நுண்பல் ரம்பமும் அரமும்தான் கடைசியில் சீக்கிரம் முடியும்.

கேள்வி: ரயில் எஞ்சின் பாய்லருக்கு உருளை வடிவம் வேண்டும். ஹீட் கன் காட்டினால் ஷீட் சுருங்கி நெளிகிறது.

ஷீட் தயாராகும்போதே இழுபட்டு உருவானது. நேரடிச் சூடு பட்டதும் அந்த இறுக்கம் தளர்ந்து சுருங்குகிறது. ஹீட் கன்னை ஓரம் வைத்துவிட்டு வெந்நீருக்கு வாருங்கள். 0.5 மி.மீ. ஷீட்டைத் தேவையான விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய உலோகக் குழாயில் சுற்றி, மேலே துணிப் பட்டையால் முழு நீளத்துக்கும் இறுக்கிக் கட்டுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த நீரில். அவிழ்த்ததும் கொஞ்சம் விரியும். குழாயைச் சிறியதாக எடுப்பது அதற்காகத்தான்.

1 மி.மீ. கனம் தேவைப்பட்டால் ஒரே ஷீட்டை வளைத்துப் போராடாதீர்கள். 0.5-ல் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, இரண்டின் இணைப்பும் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி ஒட்டுங்கள்.

கேள்வி: ஸ்டைரீனில் செய்த பெட்டி ஒட்டியபோது நேராக இருந்தது. சில வாரத்தில் பக்கங்கள் குழிந்துவிட்டன!

ஸ்டைரீனுக்குப் போடும் திரவப் பசை (மாடல் பசை) ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கிறது. கரைப்பான் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியில் அந்த ஆவி உள்ளேயே தேங்கி, சுவரை உள்பக்கமாக இளக்குகிறது. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் 2, 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு மூடுங்கள். உள்ளே குறுக்குத் தாங்கிகள் இருந்தால், ஒவ்வொரு அறைக்கும் தனித் துளை வேண்டும்.

பசையின் அளவையும் பாருங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, நனைந்த பிரஷ் நுனியை இணைப்பின் உள்பக்கத்தில் தொட்டால் போதும், பசை இடுக்கில் தானே ஓடும். 0.25 மி.மீ. ஷீட்டில் தாராளமாகப் பூசினால் மறுபக்கம் வரை ஊறிச் சுருங்கும். பெரிய இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் ஒட்டினாலும் இதே தொல்லைதான். நடுவில் மாட்டிய பசை காய நாளாகும்.

கேள்வி: வீட்டில் கிடக்கும் டப்பா, மூடிகளை உபயோகிக்கலாமா? எது என்ன பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், நம் பசை பிடிக்கும். 5 பாலிபுரொப்பிலீன்; 2-ம் 4-ம் பாலிஎத்திலீன். இந்த மூன்றிலும் மாடல் பசையும் நிற்காது, பெயிண்டும் உரிந்து வரும். எண் இல்லையென்றால் சின்னத் துண்டைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், தள்ளிவிடலாம். மூழ்கினால் ஒரு சொட்டுத் திரவப் பசை விட்டுப் பாருங்கள். மேல்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் வேலைக்கு ஆகும்.

கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம். அது 3, அதாவது பி.வி.சி. ஆக இருந்தால் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்குழாயை அரிக்கும்.

கேள்வி: ஒரே மாதிரி 12 தூண்கள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு அளவில் வருகிறது.

கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் அடுக்கி, ஒரே கட்டியாக அரத்தில் தேயுங்கள்.

கேள்வி: கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் பாகத்தை சூப்பர் க்ளூவில் ஒட்டினால் வெள்ளையாகப் படிகிறதே?

அந்தப் பசையின் ஆவிதான் படிகிறது. ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெரியாது, வழிந்தாலும் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். ஏற்கெனவே படிந்துவிட்டதென்றால் 1000, 2000 நம்பர் தாள்களில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் பேஸ்ட் போடுங்கள். சி.டி. பெட்டியின் மூடியும் தெளிவான பாலிஸ்டைரீன்தான், புது ஜன்னல் வெட்ட உதவும். ஆனால் ஷீட்டைவிட எளிதில் நொறுங்கும், கீறலைக் கூடுதல் ஆழமாகப் போட்டுவிட்டு உடையுங்கள்.