பழைய டீசல் ஜீப்புக்கு டர்போ: கேள்வி-பதில்

கேள்வி: என் லேண்ட் குரூசரில் 1எச்இசட் என்ற 4.2 லிட்டர் டீசல் இன்ஜின், டர்போ இல்லாதது. ஏற்றம் வந்தால் இரண்டாவது கியரில் ஊர்கிறது. ஓடோமீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டர்போ போடலாமா?

போடலாம். ஆனால் கிட் வாங்கும் முன் இன்ஜினின் உடம்பைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா? குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் வெள்ளைப்புகை அடிக்கிறதா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டர்போவுக்கு வைத்திருக்கும் பணம் முதலில் இன்ஜினுக்குப் போகட்டும். ஆறு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்ற சோதனை) எடுத்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடும் ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால், டர்போ அந்தச் சிலிண்டரைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

உடம்பு நன்றாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்ஜினிலிருந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போ, இன்ஜினுக்குள் தள்ளுவது காற்றை மட்டும்தான். டீசல் அளவைத் தொடாமல் காற்றை மட்டும் கூட்டினால் எரிதல் சுத்தமாகும், கரும்புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும். சக்தி கொஞ்சம்தான் கூடும். பெரிய சக்தி வேண்டுமானால் டீசலைக் கூட்ட வேண்டும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: அதே 4.2 லிட்டரில் டர்போவோடு கம்பெனியிலிருந்தே வந்த 1எச்டி-டி இன்ஜின் இருக்கிறதே. அதன் டர்போவைக் கழற்றி 1எச்இசட்டில் மாட்டினால் இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் 4,164 சிசிதான். ஒற்றுமை அதோடு சரி. 1எச்டி-டி நேரடி இன்ஜெக்ஷன்: டீசல் பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள்ளேயே பாயும். கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்று இறுகும் மடங்கு, 18.6. உங்கள் 1எச்இசட்டில் டீசல் முதலில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய முன்னறையில் பற்றி, அங்கிருந்து ஒரு குறுகிய துளை வழியாகப் பிஸ்டன் மேல் சீறுகிறது. கம்ப்ரஷன் 22க்கும் மேல். அந்தத் துளைக்கு நேர் எதிரே இருக்கும் பிஸ்டன் பகுதியும், ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இடமும்தான் அதிகச் சூட்டில் முதலில் விரிசல் விடும். கம்பெனி டர்போ மாடலில் வேறு பிஸ்டன், அதற்கேற்ற டீசல் பம்ப் என்று எல்லாம் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. டர்போவை மட்டும் கழற்றி எடுத்தால் இவை எதுவும் கூட வராது. நிசான் பேட்ரோலின் டி.டி.42 வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) வைக்கலாம்?

முன்னறை உள்ள, பிஸ்டன் மாற்றாத இன்ஜினுக்கு 7 பி.எஸ்.ஐ. வசதியான அளவு. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டரும் இருந்தால் 10 வரை போகலாம். அதற்கு மேல் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வாதாடிக்கொள்ளும்.

எண்ணைவிட முக்கியம், பூஸ்ட் எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்பது. பாறையிலும் மணலிலும் போகும் வண்டிக்கு 1,500க்குப் பக்கத்திலேயே காற்று வர வேண்டும். பெரிய டர்போ கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் நீங்கள் கிளட்சைத் தேய்த்துவிட்டிருப்பீர்கள். சின்ன டர்பைன் ஹவுசிங் (புகை சுழற்றும் சக்கரத்தின் கூடு), ஒழுங்காக வேலை செய்யும் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு), டர்போவுக்குப் பின் 3 அங்குல எக்ஸாஸ்ட் குழாய் இருந்தால் போதும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் வெப்பமானி கட்டாயமா? என் மெக்கானிக் தேவையில்லை என்கிறார்.

கட்டாயம். டாஷ்போர்டில் இருக்கும் தண்ணீர்ச் சூட்டு முள் அசைவதற்கு முன்பே பிஸ்டன் காயப்பட்டிருக்கும். கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) உள்ள மீட்டர் வாங்குங்கள். அதன் முனையை டர்பைனுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வையுங்கள். டர்போவுக்குப் பின்னால் வைப்பது சுலபம்தான். ஆனால் சுமையில் இருக்கும்போது அங்கே நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசமும் ஒரே மாதிரி இருக்காது. மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத் துளை போடுங்கள். இரும்புத்தூள் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் டர்பைன் இறக்கை போய்விடும்.

நான் சொல்லும் எல்லை: தொடர்ந்து ஓட்டும்போது 650 டிகிரி செல்சியஸ், ஏற்றத்தில் சில நொடிகளுக்கு 700. சுத்த அலுமினியம் உருகுவதே 660இல். பிஸ்டன் பின்னால் இருந்து குளிர்வதால்தான் தாங்குகிறது. முள் ஏறினால் காலை எடுங்கள், அல்லது ஒரு கியர் குறையுங்கள். ஆர்.பி.எம். கூடினால் காற்று அதிகம் வரும், சூடு இறங்கும். உயர் கியரில் போட்டு அழுத்திக்கொண்டே போவதுதான் இந்த இன்ஜின்களைக் கொன்ற பழக்கம்.

கேள்வி: டர்போ போட்டபின் டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவைத் திருகினார்கள். வண்டி பறக்கிறது. ஆனால் கிளம்பும்போது கரும்புகை மண்டுகிறது.

திருகியது ஃபுல் லோடு ஸ்குரூ, அதாவது பம்ப் ஊற்றும் டீசலின் உச்ச அளவை வைக்கும் ஸ்குரூ. டர்போ இல்லாத பம்புக்குக் காற்றழுத்தம் என்னவென்று தெரியாது. பூஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே அளவு டீசலை ஊற்றும். 2,000 ஆர்.பி.எம்.மில் சரியாக இருக்கும் அளவு, பூஸ்ட் இல்லாத 1,200இல் மிகை. எரியாமல் போனது புகையாக வருகிறது, கூடவே சூடும். வழி இரண்டு. புகை அநேகமாக நிற்கும்வரை ஸ்குரூவைப் பின்னுக்கு எடுக்கலாம். அல்லது பூஸ்டைப் பார்த்து டீசலைக் கூட்டும் டயஃப்ரம் உள்ள, காம்பென்சேட்டர் வகைப் பம்ப் தலையை மாட்டிப் பம்ப் கடையில் செட் செய்யலாம். இரண்டாவதே சரியான வேலை. ஸ்குரூவைத் திருகும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் நீண்ட ஏற்றத்தில் மீட்டரைப் பார்த்த பிறகே அடுத்தது.

கேள்வி: இன்டர்கூலர் இல்லாமல் ஓட்டலாமா?

7 பி.எஸ்.ஐ.யில் ஓட்டலாம். 10 என்றால் போட்டுவிடுங்கள்: 30 டிகிரிக் காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தினால் அது 100 டிகிரியை ஒட்டி வரும். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ரேடியேட்டரின் காற்று குறையும். ஆகவே சூட்டுக்கேற்ப ஃபேனைச் சுழற்றும் விஸ்கஸ் ஹப் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பானெட்டுக்கு அடியில் வைத்தால் மெதுவாகப் போகும் பாதையில் அது காற்றைக் குளிர்விக்காது, சூடாக்கும்.

கேள்வி: புது டர்போ. இரண்டு வாரத்தில் சீல் வழியாக ஆயில் கசிகிறது. டர்போ கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, வெளியே வருவதோ ஈர்ப்பு விசையால் மட்டும். அந்தக் குழாய் அகலமாக, வளைந்து மேலே ஏறாமல், சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். எங்காவது தேங்கினால் ஆயிலுக்குச் சீல்தான் வழி. இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே கதை. முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும் முன், டீசலைத் திறந்து மூடும் பம்பின் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் வரும்வரை இன்ஜினைச் சுற்ற விட்டார்களா என்றும் கேளுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டுக்கு, ஆயில் இல்லாத சில நொடிகளே போதும். இனி ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

கேள்வி: மைலேஜ் கூடுமா?

அதை நம்பிப் போடாதீர்கள்.

கேள்வி: மலைப்பாதை அதிகம் போகிறேன். உயரத்தில் உதவுமா?

டர்போ தன் முழு மதிப்பைக் காட்டுவது அங்கேதான். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். 7 பி.எஸ்.ஐ. இருந்தால் அந்த இழப்பு திரும்பி வந்துவிடும். டீசலைத் தொடாமலே போட்டாலும் உங்களுக்குப் போதும்.

கேள்வி: டர்போ போட்ட டீசல் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தானாக வெறிபிடித்து ஓடும் என்கிறார்கள். உண்மையா?

அரிதாக நடக்கும். சீல் போன டர்போ ஆயிலைக் காற்றுக் குழாயில் கக்க, இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஆயிலை நிறுத்தாது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க அழுத்தி, உயர் கியரில் போட்டுக் கிளட்சை விடுங்கள், திணறி நிற்கும். ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்னார்கலின் (இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் உயரக் குழாய்) வாயைப் பலகையாலோ கெட்டியான தகட்டாலோ மூட வேண்டும். கையால் மூடாதீர்கள், துணியாலும் கூடாது. துணி உள்ளே போய்விடும். மாதம் ஒருமுறை இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆயில் பூச்சு இயல்பு. குட்டையாகத் தேங்கியிருந்தால் அன்றைக்கே டர்போவைக் கழற்றுங்கள்.