அம்மாவுக்கு அடிக்கடி வாந்தி: பித்தம் என்று விட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இரண்டு மாதமாகச் சாப்பிட்டபின் வாந்தி வருகிறது, மெடிக்கலில் வாங்கிய மாத்திரை போட்டால் நின்று மறுபடி வருகிறது, பித்தம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

எப்போது வருகிறது, என்ன வருகிறது என்று கவனியுங்கள். காலையில் சாப்பிட்ட இட்லி சாயங்காலம் செரிக்காமல் அப்படியே வந்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். பழைய அல்சர் ஆறித் தழும்பாகி அந்த வழியைச் சுருக்கிவிடும். சிலருக்குக் கட்டியும் காரணம். இந்த வாந்தியில் பெரும்பாலும் பச்சை நிறம் இருக்காது, ஏனென்றால் பித்தநீர் வந்து சேரும் இடத்துக்கு முன்பே அடைப்பு இருக்கிறது. மூட்டுவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுகிறார்களா? அதுவும் அல்சரை உண்டாக்கும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பச்சையாக வந்து, வயிறு உப்பி, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். காபித்தூள் போலக் கருப்பாக வந்தால் ரத்தக்கசிவு. அப்போது வாயில் எதுவும் கொடுக்காமல், ராத்திரியானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அந்த அறிகுறிகள் இல்லையென்றாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். டாக்டர் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை, என்றதும் அம்மா பயப்படுவார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துவிட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். டாக்டரைப் பார்க்கும்வரை பெரிய ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். டம்ளர் நிறையக் குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். சோடா வேண்டாம்.