ஐந்து பாயின்ட் பையனுக்குக் கல்லூரி கிடைக்குமா?

வட கரோலினாவின் கேரி நகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு, உயரம் 6 அடி 9 அங்குலம், பள்ளி கூடைப்பந்து அணியில் சென்டர், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நின்று காக்கும் உயரமான ஆள். "ஆட்டத்துக்கு ஐந்து பாயின்ட்தான் போடுகிறான் சார். கூட ஆடுகிற பையன்கள் பதினெட்டு, இருபது என்று போடுகிறார்கள். கல்லூரி கோச்சுகள் அவர்களைத்தான் பார்க்க வருகிறார்கள். இவன் அப்பா பயந்துபோய், தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட் பழக்கத் தனியாக ஒரு டிரெய்னரிடம் சேர்த்திருக்கிறார். படிப்பும் போய் விளையாட்டும் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை."

அம்மா, உங்கள் கடிதத்தில் "ஐந்து பாயின்ட்" மூன்று இடத்தில் வருகிறது. தம்பி ஆட்டத்துக்கு எத்தனை ஷாட்டைத் தடுக்கிறான் என்று ஓரிடத்திலும் இல்லை. நான் திரும்பக் கேட்ட பிறகுதான் "மூன்று, நான்கு இருக்கும்" என்று சொன்னீர்கள். நாம் எல்லாவற்றையும் மார்க் ஷீட் மாதிரி படித்துப் பழகியவர்கள். அதிலும் மொத்த மார்க்கைத்தான் முதலில் பார்ப்போம்.

ஊரில் கபடி பார்த்திருப்பீர்கள். பாடிப் போகிறவனுக்குத்தான் கைதட்டல், விசில் எல்லாம். ஆனால் மூலையில் குனிந்து நின்று கணுக்காலைப் பிடிக்கிறவன் சரியில்லை என்றால் அந்த அணி கரை சேராது. தம்பி செய்வது அந்தப் பிடிக்கிற வேலை. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் அதற்கு நல்ல கிராக்கி உண்டு.

2012 ஏப்ரலில் நடந்த கல்லூரி இறுதிப் போட்டியை தம்பியோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். கென்டக்கியும் கான்சாஸும் மோதின. கென்டக்கியின் சென்டர் ஆன்டனி டேவிஸ் பத்து ஷாட் எடுத்து ஒன்றைத்தான் உள்ளே போட்டார். முதல் பாதியில் ஒரு பாயின்ட்கூட இல்லை. மொத்தம் ஆறு பாயின்ட். உங்கள் மகனைவிட ஒன்றுதான் அதிகம்! ஆனால் 16 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (ஷாட்டைத் தடுப்பது). கென்டக்கி 67-59 என்று ஜெயித்தது, சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது, அந்த ஆண்டு, தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அன்று எதிரணியில் நின்ற ஜெஃப் விதியும் தடுப்பாட்டக்காரர்தான். அந்தத் தொடரில் மட்டும் 31 ஷாட்டுகளைத் தடுத்துச் சாதனை படைத்தவர்.

இன்னும் நுணுக்கமான உதாரணம் 2024. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டோனவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம். அரையிறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் இல்லினாய் அணி, கிளிங்கன் கை நீட்டி எதிர்த்து நின்ற 19 ஷாட்டுகளில் ஒன்றைக்கூட உள்ளே போடவில்லை. இடையில் கனெக்டிகட் தொடர்ந்து 30 பாயின்ட் எடுத்தது, எதிரணிக்குப் பூஜ்யம். அந்த ஆட்டத்தில் அவர் கணக்கில் எழுதப்பட்ட பிளாக் ஐந்துதான். மற்றதெல்லாம் உள்ளே வந்தவன் அவரைப் பார்த்துக் கையை மாற்றியது, அவசரப்பட்டது, பந்தை உயரமாகத் தூக்கிவிட்டது. அதற்கெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாது.

அடுத்து இறுதிப் போட்டி. எதிரணி பர்டூ, அதன் சென்டர் 7 அடி 4 அங்குல ஸாக் எடி. அன்று எடி 37 பாயின்ட் போட்டார். கிளிங்கன் 11. பேப்பரை மட்டும் பார்த்தால் கிளிங்கன் தோற்றுவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் கனெக்டிகட் 75-60 என்று ஜெயித்தது. வழக்கமாக எடியை இரண்டு பேர் சூழ்வார்கள், அவர் பந்தை வெளியே தள்ளுவார், அங்கே காலியாக நிற்பவன் மூன்று பாயின்ட் போடுவான். அந்த ஷாட்டில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அணி பர்டூ. கிளிங்கன் பெரும்பாலும் தனியாளாக எடியைத் தாங்கியதால் மற்ற நால்வரும் தங்கள் ஆளை விட்டு நகரவே இல்லை. பர்டூவுக்கு அன்று மொத்தம் ஏழு மூன்று பாயின்ட் முயற்சிகள்தான் கிடைத்தன, விழுந்தது ஒன்று. கூட நிற்கும் நால்வரை அவரவர் இடத்தில் நிம்மதியாக நிற்கவைப்பதுதான் நல்ல தடுப்பு சென்டரின் பெரிய வேலை. கோச்சுகளுக்கு இது நன்றாகத் தெரியும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்குத் தெரிய நாளாகும்.

விதிகளும் கல்லூரியில் இவர்களுக்குச் சாதகம். என்.பி.ஏ.வில் தடுப்பாட்டக்காரர் யாரையும் காக்காமல் வளையத்துக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அந்த விதி இல்லை. கோயில் யானை மாதிரி நடுவில் நின்றுகொள்ளலாம். அதனால் என்.பி.ஏ.வுக்கு வேகம் போதாத உயரமான பையனுக்கும் கல்லூரி அணியில் வேலை இருக்கிறது.

ஆனால் உயரம் மட்டும் போதாது. கோச் வந்தால் எதைப் பார்ப்பார் என்று தம்பிக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஃபவுல், அதாவது விதி மீறி எதிராளியை இடிப்பது, பிடிப்பது. என்.பி.ஏ.வில் ஆறு, கல்லூரியில் ஐந்தோடு வெளியே. முதல் பாதியில் இரண்டு வாங்கிவிட்டால் பெரும்பாலான கோச்சுகள் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். நான்கு பிளாக் போட்டுப் பதினைந்து நிமிடம் ஆடுகிறவனைவிட, இரண்டு பிளாக்கோடு முப்பது நிமிடம் நிற்கிறவன்தான் கோச்சுக்கு வேண்டும். கையை நேராக மேலே தூக்கி, உடம்பைச் சாய்க்காமல் குதிக்கப் பழக வேண்டும். தடுத்த பந்தைப் பார்வையாளர் பக்கம் பறக்கவிடுகிற ஆசையையும் விட வேண்டும். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் அது மறுபடி எதிரணிக்குத்தான். என்.பி.ஏ. ஜாம்பவான் பில் ரஸ்ஸல், தடுத்த பந்து தன் அணிக்காரன் கைக்குப் போகும்படி தட்டுவதில் பேர் பெற்றவர். பள்ளியில் படித்தபோது அவரை அனேகமாக யாருமே கண்டுகொள்ளவில்லை. சேர்த்துக்கொண்ட சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1955, 1956 என இரண்டு ஆண்டும் சாம்பியன் ஆனது.

அப்புறம் கால். பந்தோடு வரும் எதிரணி கார்டு, ஸ்க்ரீன் போட்ட (குறுக்கே நின்று வழிமறித்து உதவும்) தன் ஆளைச் சுற்றி வேகமாக வரும்போது, தம்பி இரண்டு அடி பின்வாங்கி பந்தையும் வளையத்தை நோக்கித் திரும்பி ஓடிவரும் அந்த ஆளையும் சேர்த்துப் பார்க்க முடிகிறதா என்று கவனிப்பார்கள். டிரெய்னருக்குக் கொடுக்கிற பணத்தைப் பக்கவாட்டில் நகரும் பயிற்சிக்கும் இடுப்பு, கால் வலுவுக்கும் திருப்பிவிடுங்கள் என்று அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஷூட்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லாத ஷாட், கட்டாயம் வேண்டும். அது மோசமாக இருந்தால் கடைசி நிமிடங்களில் கோச் அவனைக் களத்தில் வைக்கத் தயங்குவார். மூன்று பாயின்ட் வந்தால் வரட்டும். ஆனால் சுமாராக ஷூட் செய்யும் 6 அடி 9 அங்குலப் பையன்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க இவன் ஏன் தன் இடத்தை விட வேண்டும்?

மூன்றாவது, வாய். சிரிக்காதீர்கள். பின்னால் நிற்கும் சென்டருக்குத்தான் களம் முழுவதும் தெரியும். "இடது பக்கம் ஸ்க்ரீன்" என்று கத்துவது அவன் வேலை. நம் பையன்களுக்கு இதுதான் பெரிய தடை. பெரியவர்கள் முன்னால் சத்தம் போடாதே என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். கோச்சுகளுக்கு ஹைலைட் வீடியோ மட்டும் அனுப்பாதீர்கள், இரண்டு முழு ஆட்டங்களின் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். இவன் மதிப்பு ஹைலைட்டில் தெரியாது.

இனி படிப்பு. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஆட 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் சராசரி, நான்குக்கு 2.3க்குக் குறையக்கூடாது. தம்பிக்கு 3.7 என்கிறீர்கள், கவலையில்லை. ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் மூன்றாவது டிவிஷன் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால் கோச் ஆதரித்தால் அட்மிஷனுக்கு அது பெரிய பலம், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் கிடைக்கலாம். இதையும் பட்டியலில் வையுங்கள். இன்ஜினியரிங் வேண்டுமென்றால் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: இப்போது அணியில் இன்ஜினியரிங் படிக்கிறவர் யாராவது உண்டா? மதிய லேபும் பயிற்சியும் மோதினால் என்ன செய்வீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

என்.பி.ஏ. பற்றி இப்போது பேசவே வேண்டாம். டிராஃப்டில் ஆண்டுக்கு அதிகபட்சம் 60 பேர், அதில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. முதல் டிவிஷனில் மட்டும் 350க்கு மேல் அணிகள், அணிக்குப் பதின்மூன்று பேருக்குக் குறையாது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிகெம்பே முட்டோம்போ கதையை வேண்டுமானால் தம்பிக்குச் சொல்லுங்கள். காங்கோவிலிருந்து டாக்டராகும் எண்ணத்தோடு கல்வி உதவித்தொகையில் ஜார்ஜ்டவுனுக்கு வந்தவர். உயரத்தைப் பார்த்து கூடைப்பந்துக்கு இழுத்தார்கள். மொழியியல், ராஜதந்திரம் இரண்டிலும் பட்டம் வாங்கினார். என்.பி.ஏ.வில் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர். டாக்டர் ஆகவில்லை, ஆனால் கின்ஷாசாவில் தன் அம்மா பெயரில் ஒரு மருத்துவமனையே கட்டினார்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் ஹெச்-1பி (வேலை விசா), தம்பி ஹெச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா) என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! ஸ்காலர்ஷிப் வாங்க விசா தடையில்லை. ஆனால் 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-26 முதல் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம். கூட ஆடும் பையன்களுக்கு வருகிற அந்தப் பணத்தைத் தம்பி தொட்டால், அது அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடக்கூடும். கனடாக்காரரான ஸாக் எடிக்கே மாணவர் விசாவால் இந்தச் சிக்கல் இருந்தது. 21 வயது ஆனால் ஹெச்-4 செல்லாது, மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். அவன் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்த நாள் வரும். எதில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கோச் சொன்னார், பள்ளிக்கு வெளியே ஆடும் ஏ.ஏ.யூ. அணியில் இன்னொரு அப்பா சொன்னார் என்று போகாதீர்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது, அணியில் ஏற்கெனவே இருக்கும் சென்டர்கள் எந்த ஆண்டு படிக்கிறார்கள் என்று பாருங்கள். இப்போது டிரான்ஸ்ஃபர் எளிதாகிவிட்டதால், பதினெட்டு வயதுப் பையனுக்குப் பதில் இருபத்திரண்டு வயது சென்டரை வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவரவே பல கோச்சுகள் விரும்புகிறார்கள். தம்பிக்கு முதல் இரண்டு ஆண்டு பெஞ்சாகக்கூட இருக்கலாம். சென்டர்கள் பழுக்க நேரமெடுக்கும். பெரிய பெயருள்ள கல்லூரியில் உட்கார்ந்திருப்பதைவிட, நடுத்தரக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே இருபது நிமிடம் ஆடுவது இவனுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் அவ்வளவு எடுப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பேசும்போது மூன்று விஷயம் கொண்டுவாருங்கள்: கடந்த பத்து ஆட்டங்களில் தம்பி வாங்கிய ஃபவுல் கணக்கு, அவன் எடுத்த பாடங்களின் பட்டியல், விசா தேதிகள். பாயின்ட் கணக்கு வேண்டாம். முடிந்தால் தம்பியையும் போனில் பேசச் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் இருவரும்தான் பேசியிருக்கிறீர்கள், அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.