டூயல் சிபியூ கம்ப்யூட்டருக்கு எந்த பிராசசர் வாங்கலாம்? ஓவர்கிளாக் செய்ய முடியுமா?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டரிங்குக்காக, இன்டெலின் சர்வர் ரகமான ஜியான் பிராசசர் பழையது இரண்டு வாங்கி, பிறகு ஓவர்கிளாக் செய்துகொள்ளலாம், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று இருக்கிறீர்கள். ஓவர்கிளாக் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எந்த சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வாங்குவது என்பதே அதைப் பொறுத்ததுதான்.

ஜியான் இ5 வரிசையில், கோட்டுக்குப் பிறகு வரும் மாடல் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். ஒரு போர்டில் அதிகபட்சம் எத்தனை சிப் போடலாம் என்பதை அது சொல்லிவிடும். இ5-1650 நன்றாக ஓவர்கிளாக் ஆகும் என்று படித்துவிட்டு இரண்டு வாங்கிவிடாதீர்கள், அது ஒற்றை சாக்கெட்டுக்கானது. சிப்பின் வேகம் என்பது பேஸ் கிளாக்கை மல்டிப்ளையரால் பெருக்கி வருவது. ஜோடியாக ஓடும் இ5-2600 சிப்களில் மல்டிப்ளையர் லாக். பேஸ் கிளாக்கை ஏற்றலாம் என்றால், கிராபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பிசிஐஇ-யும் அதோடு சேர்ந்தே ஏறுவதால், 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிச் சில புள்ளிகளிலேயே சிஸ்டம் தடுமாறும். 2012-ல் ஈவிஜிஏ கொண்டுவந்த எஸ்ஆர்-எக்ஸ் போர்டாலும் இதைத் தாண்ட முடியவில்லை.

ஓவர்கிளாக்குக்கு உண்மையாக இடம் கொடுப்பது இ5-க்கு முந்தைய சாக்கெட்டான எல்ஜிஏ 1366. இதில் பிசிஐஇ கிளாக் தனி. இதில் உட்காரும் 6 கோர் ஜியான் எக்ஸ்5650, 133 மெகாஹெர்ட்ஸில் 20 மடங்கு ஓடி 2.66 கிகாஹெர்ட்ஸ் தருகிறது. பேஸ் கிளாக்கை 180 ஆக்கினால் அதே சிப் 3.6. ஆனால் டெல் டி5500, எச்பி இசட்800 போன்ற ஒர்க்ஸ்டேஷன்களின் பயாஸில் இதை மாற்ற வழியே கிடையாது. 2010-ல் வந்த ஈவிஜிஏ எஸ்ஆர்-2 மாதிரி போர்டு வேண்டும், அது சாதாரண கேபினெட்டில் அடங்காது. டபிள்யூ3680-ஐத் தலையில் கட்டப் பார்த்தாலும் வாங்காதீர்கள், அதுவும் ஒற்றை சாக்கெட் சிப்.

இரண்டு சிப்புக்கும் பேஸ் கிளாக் ஒன்றுதான். அதனால் இரண்டில் எது சோப்ளாங்கியோ அது நிற்கும் இடம்தான் உங்கள் எல்லை. சிப்பின் மூடியில் எக்ஸ்5650-க்கான குறியீடு எஸ்எல்பிவி3 இருக்கிறதா என்று இரண்டிலும் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனியாக முதல் சாக்கெட்டில் போட்டு, ஒரே வோல்டேஜில் எதுவரை தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கூலரைப் பலவீனமான சிப்புக்குக் கொடுங்கள். பேஸ் கிளாக் ஏறும்போது ரேம் வேகமும் கூடவே ஏறும், ரேமுக்கான ரேஷியோவை (பேஸ் கிளாக்கோடு பெருக்கும் எண்) குறைக்க மறக்காதீர்கள். கோர் வோல்டேஜ் 1.35 வோல்ட்டைத் தாண்டவே வேண்டாம். மின்செலவு கிளாக் வேகத்துக்கும் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும்: வோல்டேஜை 1.2-லிருந்து 1.35 ஆக்கி, 2.66-க்குப் பதில் 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால், சிப் குடிக்கும் மின்சாரம் ஏறத்தாழ 1.7 மடங்கு. அந்தச் சூடும் இரண்டு சாக்கெட்டிலிருந்து வரும்.

ரெண்டரிங்தான் நோக்கம் என்றால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன். இ5-2667 வி2 ஜோடி வாங்குங்கள். 8 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.0 வரை. பயாஸில் எதையும் தொடாமலே 16 கோர் கிடைக்கும், பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸும் உண்டு, எக்ஸ்5650-ல் அது இல்லை. ஓவர்கிளாக் செய்வதிலேயே ஆசை என்றால் மட்டும் 1366. அந்த ஆசை எனக்கும் உண்டு, அதனால் தடுக்கமாட்டேன்.

எதை வாங்கினாலும் ரேமை இரண்டு பிராசசருக்கும் சமமாகப் பிரித்துப் போடுங்கள். விண்டோஸ் 10 ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும், ப்ரோ போட்டால்தான் இரண்டாவது பிராசசர் வேலை செய்யும்.