பூமி தட்டை என்கிற மருமகனுக்கு நாங்குநேரி வானமே போதும்

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பூமி தட்டை என்று கோயில் கொடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வாதம் பண்ணுகிறான். சேட்டிலைட் படத்தைக் காட்டினால் கிராபிக்ஸ் என்கிறான். உவரிக்குக் கூட்டிப்போய்க் கப்பல் மறைவதைக் காட்டலாமா?
– நாங்குநேரி வாசகர்

பதில்: கப்பல் வேண்டாம். கடல்மேல் காற்றின் வெப்பம் அடுக்குக்கு அடுக்கு மாறுவதால் ஒளி வளையும். மறைய வேண்டிய கப்பல் சில நாள் தெரிந்து தொலைக்கும். 1838இல் இங்கிலாந்தில் சாமுவேல் ரோபோதம் ஒரு நேர்க்கால்வாயில் தண்ணீருக்குச் சற்று மேலே கண்ணை வைத்துக்கொண்டு, 6 மைல் போன படகு மறையவே இல்லை என்று சாதித்தது இப்படித்தான். 1870இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அதே கால்வாயில் பார்வையைத் தண்ணீரிலிருந்து நன்றாக உயர்த்தி வளைவைக் காட்டினார். பூமி தட்டை என்று வாலஸிடம் பந்தயம் கட்டித் தோற்றவர் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவரை வைதுகொண்டிருந்தார். நீங்களும் இதைக் கொடைப் பந்தலில் வைத்துக்கொள்ளாதீர்கள்; தனியாகக் கூப்பிடுங்கள்.

பிப்ரவரி நடுவில், இரவு 9 மணிவாக்கில், ஊருக்கு வெளியே வயல்பக்கம் போங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. வடக்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம்கூட இருக்காது. மங்கலானது, கொஞ்சம் தேட வேண்டும். தெற்கே அகத்திய நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். (பொதிகை மலைக்காரர்களுக்கு அகத்தியரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.)

அதே நேரம் டெல்லியில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது போனில் பிடியுங்கள். டெல்லி நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. அங்கே எல்லாம் தலைகீழ்: துருவ நட்சத்திரம் மூன்று முஷ்டி, அகத்தியர் ஒரு முஷ்டி.

இனி அவனுடைய வரைபடத்தையே எடுங்கள். நடுவில் வட துருவம், சுற்றிலும் அண்டார்டிகா பனிச்சுவர். துருவத்திலிருந்து நமக்குச் சுமார் 9,000 கி.மீ., டெல்லிக்கு 6,800. நம் ஊர்க் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் துருவ நட்சத்திரத்தின் உயரம் 1,400 கி.மீ. வரும். டெல்லிக் கோணத்துக்கு 3,700! ஒரே நட்சத்திரம், ஒரே ராத்திரி. உருண்டையில் இந்தக் குழப்பமே இல்லை. அதன் கோணம்தான் அந்தந்த ஊரின் அட்சரேகை.

சூரியனும் அப்படித்தான். அது 5,000 கி.மீ. உயரத்தில் வட்டமடிக்கிறது என்பது அவர்கள் கட்சி. சரி, மார்ச் 21 வாக்கில் விடியும்போது அது நமக்கு 13,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும். அப்படியானால் உதிக்கும் வேளையிலும் இரண்டு முஷ்டி உயரத்தில், மத்தியான அளவில் மூன்றில் ஒரு பங்காகத் தெரிய வேண்டும். இதைப் பார்க்க வேண்டுமானால் உவரிக்குப் போகலாம்.

பார்ப்பதற்கு முன்பே, அவன் வரைபடப்படி என்னென்ன கோணம் வரும் என்று தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். கணக்கு உதைத்ததும் வெளிச்சம் வளைகிறது என்று நழுவப் பார்ப்பான். அப்போது சிட்னியிலிருந்து சிலியின் சான்டியாகோவுக்குப் போகும் நேரடி விமானத்தைப் பற்றிக் கேளுங்கள். பயணம் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். அவன் வரைபடத்தில் அந்தத் தூரம் 25,000 கி.மீ.யைத் தாண்டும், மணிக்கு 2,000 கி.மீ. வேகம் வேண்டும். பயணிகள் விமானம் போவது 900 சொச்சம்தான். இதில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை.