‘தி வுமன் இன் தி வால்’ தொடரில் வருவது உண்மையா, கற்பனையா? பார்க்கலாமா?

கதை கற்பனைதான். கில்கினூர் என்று ஓர் ஊர் அயர்லாந்தில் கிடையாது, லோர்னா பிரேடி என்று ஒருத்தியும் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் அவளுக்கு நடந்ததாகக் காட்டுகிறார்களே, அது அங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நடந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பிபிசியில் 2023இல் வந்த ஆறு எபிசோட் தொடர் இது. ஜோ மர்டா உருவாக்கியது. லோர்னாவாக ரூத் வில்சன். அவளுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி. முதல் காட்சியிலேயே நைட்டியோடு நடுரோட்டில் கண் விழிக்கிறாள், சுற்றிலும் மாடுகள். அப்புறம் ஒருநாள் வீட்டுக்குள் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. கொன்றது தானா என்று அவளுக்கே தெரியவில்லை. சின்ன வயதில் கர்ப்பமானபோது கன்னியாஸ்திரிகள் நடத்திய இடத்தில் அவளை அடைத்துவைத்து, பிறந்த பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு பாதிரியாரின் கொலையை விசாரிக்கும் கோல்மன் அகாண்டே என்ற துப்பறிவாளன். அவன் பிறந்ததும் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில்தான். முடிவைச் சொல்லப் போவதில்லை.

நான் சில வருடங்கள் பிறப்பு, இறப்பு பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். அதனால் சுவருக்குள் இருக்கும் பிணத்தைவிட, யார் எந்தப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பதில்தான் என் கவனம் போனது. தொடரை நிறுத்திவிட்டு ஒரு வாரம் அந்த வரலாற்றைப் படித்தேன். அதற்குப் பிறகு மீதியைப் பார்த்தபோது, திகில் காட்சிகள் எல்லாம் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டன.

முதலில் ஒரு விஷயம். கதையின் வசதிக்காக இரண்டு வகை இடங்களைத் தொடர் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. மாக்டலீன் சலவைக்கூடங்கள் ஒன்று, தாய்-சேய் இல்லங்கள் இன்னொன்று. சலவைக்கூடங்களில் பெண்கள் கூலி இல்லாமல் துணி துவைத்தார்கள். அங்கே இருந்த எல்லோரும் கர்ப்பமானவர்கள் அல்ல. அநாதைகள், வீட்டில் வேண்டாதவர்கள், சின்னக் குற்றத்துக்காக நீதிமன்றம் அனுப்பியவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். 1922 முதல் 1996 வரை சுமார் பத்தாயிரம் பேர் என்று 2013இல் வந்த அரசு அறிக்கை சொன்னது. அவர்களில் கால் பங்குக்கும் மேலானவர்கள் அங்கே போனதில் அரசின் கை இருந்தது. கடைசிச் சலவைக்கூடம் மூடியது 1996இல். ரொம்பப் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருமணமாகாமல் கர்ப்பமானவர்கள் பிரசவத்துக்குப் போனது பெரும்பாலும் தாய்-சேய் இல்லங்களுக்கு. அவற்றை ஆராய்ந்த விசாரணைக் குழு 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. 18 நிறுவனங்கள், ஏறத்தாழ 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள். அதில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்துபோனார்கள். கார்க் நகரத்து பெஸ்பரோ இல்லத்தில் 1943இல் பிறந்த அல்லது சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கு பிழைக்கவில்லை. இந்த வரியை இரண்டு முறை படித்தேன், அச்சுப்பிழையோ என்று.

சரி, இந்தப் பெண்கள் ஏன் போனார்கள்? பூட்டிய கதவு, உயரமான மதில் என்று தொடர் காட்டுகிறது. அதுவும் இருந்தது. ஆனால் போக வேறு இடம் இல்லாததுதான் பெரிய பூட்டு. பெற்றவர்கள் வீட்டில் சேர்க்க மாட்டார்கள், வேலை போய்விடும், குழந்தையின் தகப்பன் பெயரையே யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகக் குழந்தை வளர்க்கும் திருமணமாகாத தாய்க்கென்று அரசு உதவித்தொகை வந்ததே 1973இல்தான். இதையெல்லாம் விவரித்த அதே 2021 அறிக்கை, குழந்தைகளை வலுக்கட்டாயமாகப் பிரித்ததற்கு மிகக் குறைவான ஆதாரமே இருக்கிறது என்றும் எழுதியது. தாய்மார்களுக்குப் பெரிதாக வேறு வழி இல்லைதான், ஆனாலும் அது கட்டாயம் ஆகாதாம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கையெழுத்து இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் மேஜைக்குப் பின்னால் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நிற்பவர் எந்த நிலைமையில் போட்டார் என்பதை அந்தக் கையெழுத்து சொல்லாது.

பிலோமினா லீ என்ற பெண்மணியின் அனுபவம் உலகம் அறிந்தது. ரோஸ்க்ரேயில் இருந்த இல்லத்தில் 1952இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். 1955இல் அவனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். இனி பிள்ளைக்கு உரிமை கோரமாட்டேன், பார்க்கவும் முயலமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். பல வருடம் கழித்துத் தாய் அந்த இடத்துக்குப் போய் மகனைப் பற்றிக் கேட்டார். மகனும் அங்கே வந்து தாயைப் பற்றிக் கேட்டார். இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1995இல் இறந்த மகனை அவர் விருப்பப்படி அடக்கம் செய்தது அதே ரோஸ்க்ரே வளாகத்தில். தாய்க்கு இது தெரியவந்தது அதற்கும் பிறகு.

அதைவிட மோசமாக எனக்குப் பட்டது போலிப் பதிவுகள். செயின்ட் பேட்ரிக்ஸ் கில்ட் என்ற தத்து அமைப்பின் ஃபைல்களிலிருந்து 126 பேரின் பிறப்புப் பதிவு பொய் என்று 2018இல் அரசு அறிவித்தது. வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று எழுதியிருந்தார்கள். அதாவது தத்து என்ற சுவடே கிடையாது. தாங்கள் தத்துப்பிள்ளை என்று அறியாமலே நடுவயதைத் தாண்டியவர்களும் உண்டு. தாய் பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் துணிந்து பொய் எழுதினால் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள்தான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரம்!

இதற்கு நேர்மாறாக, பதிவேடுதான் டூவம் என்ற ஊரில் இருந்த தாய்-சேய் இல்லத்தைக் காட்டிக்கொடுத்தது. கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், 1925 முதல் 1961 வரை நடந்த அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் பதிவுகளைக் கேட்டுப் பெற்றார். 796 குழந்தைகள். பெயர், வயது, காரணம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கே புதைத்தார்கள் என்பது மட்டும் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டு இறப்புப் பதிவில் அதற்குக் கட்டமே கிடையாது. அவர் கல்லறைத் தோட்டத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அநேகமாக யாரையும் அங்கே புதைக்கவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது. கழிவுநீர்த் தொட்டியோடு தொடர்புடைய நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை 2017இல் விசாரணைக் குழு உறுதி செய்தது. முழு அகழ்வு வேலை தொடங்கியது 2025 ஜூலையில்தான்.

தொடருக்கு வருகிறேன். ரூத் வில்சன் நடிப்புக்காகவே பார்க்கலாம். அழாமலேயே ஒரு மனுஷி எப்படி உடைந்துபோயிருக்கிறாள் என்று காட்டுகிறார். ஆனால் கோடரி, சுவர், நள்ளிரவு நடை என்று பேய்க்கதை வாடை தூக்கலாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கொலை யார் செய்தது என்ற புதிர் நடுவில் இழுக்கிறது. அந்த நேரத்தை மற்ற பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம். வீட்டில் கர்ப்பமாக யாராவது இருந்தால் அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டாம், இது என் தனிப்பட்ட கருத்து.

பார்த்து முடித்தவர்கள், தாய்-சேய் இல்லங்களில் இருந்தவர்களுக்காக அயர்லாந்து அரசு நடத்தும் இழப்பீட்டுத் திட்டத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் தொடங்கியது. குழந்தையாக அப்படி ஓர் இல்லத்தில் இருந்தவர் 180 நாளாவது இருந்திருந்தால்தான் பணம். பிறந்து சில வாரங்களிலேயே தாயிடமிருந்து எடுத்துப் போன குழந்தை, இருந்த நாள் குறைவு என்பதால் கணக்கில் வராது.